செங்குத்துப் போக்குவரத்தும் நாலாங் கட்டமும்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் 'ஓஷன் கிரேஸ்' என்ற ஆறு மாடிக் கட்டடம் இருக்கிறது. அங்கிருந்து கடல் தெரியும். அங்கே ஒரு லிப்டும் இருக்கிறது. முதல் தகவல், எதிரில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பும்வரைக்கும் உண்மையாக இருந்தது. இரண்டாவது தகவல் சட்டப்படி இன்றைக்கும் உண்மை.

லிப்டு பழுதாகி, திருத்தப்பட்டு, புதுமாப்பிள்ளை போலப் பளபளவென்று கீழ்த்தளத்தில் நின்றது. அதன் கதவில் சிவப்பு அறிவித்தல் ஒன்று ஒட்டியிருந்தது. செங்குத்துப் போக்குவரத்து அலுவல்கள் திணைக்களம் பரிசோதித்து அனுமதி வழங்கும்வரை எவரும் இதில் ஏறலாகாது. பரிசோதனை நடக்காததற்குக் காரணமும் நேர்மையானதுதான். பரிசோதிப்பதென்றால் உத்தியோகத்தர் லிப்டில் ஏற வேண்டும். அனுமதி பெறாத லிப்டில் உத்தியோகத்தர் ஏறக் கூடாது. இரண்டும் ஒரே திணைக்களத்தின் விதிகள். ஒன்றையொன்று மதித்து இரண்டும் அசையாமல் இருந்தன.

ஆறாம் மாடியில் மீரா சாஹிப் இருந்தார். எண்பத்தொரு வயது. இடுப்பெலும்பு மாற்றியிருந்தார்கள். சமதரையில் கைத்தடியோடு அமைச்சர் மாதிரி நடப்பார். படி மட்டும் ஏலாது. நோன்புப் பெருநாளோடு லிப்டு நின்றது. அன்றிலிருந்து அவர் மண்ணை மேலேயிருந்து பார்க்கிற மனிதராகிவிட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். இந்த மாதம் காலி வீதித் தியேட்டருக்கு ஒரு படத்தின் இரண்டாம் பாகம் வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

முதலாம் பாகத்தை ஏழு வருஷத்துக்கு முந்தி முதல் நாள் முதல் காட்சியில் பார்த்தவர் அவர். அதில் கதாநாயகன் கடைசியில் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் விழுவான். தண்ணீரைத் தொட முன்னம் படம் முடிந்துவிட்டது.

"ஏழு வருஷமா உழுந்துகொண்டே ஈக்கான்," என்றார் மீரா சாஹிப். "அவன் மவுத்தா ஹயாத்தா எண்டு தெரியாம நான் எப்பிடிக் கண்ண மூடுற?"

"போன்ல வரும் வாப்பா, கொஞ்சம் பொறுங்க," என்றாள் மகள் மஸாஹிரா.

"கையளவு ஆளுக்கு நான் விசில் அடிக்க மாட்டேன்."

"வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுகைக்குப் போகேலாம ஈக்கிறதப் பத்தி ஒரு வார்த்த பேசினீங்களா?"

"நோயாளிக்கு ஜும்ஆவில விலக்கு ஈக்கி. படத்தில அப்பிடி ஒண்டும் இல்ல."

மஸாஹிரா திரும்பிக் கணவரைப் பார்த்தாள். "இங்க பாருங்க, அந்த லிப்டுக்கு ஏதாச்சும் செய்யுங்க. தியேட்டர்ல இருந்து படத்த எடுத்துட்டாங்கண்டா இவரோட என்னால ஏலா."

நபீஸ் ஏதாவது செய்யக்கூடியவர் என்று அவள் நம்பியதில் பிழையில்லை. அவர் நாற்பத்தெட்டு வயதில் மெல்பனிலிருந்து திரும்பி வந்து மாமனார் வீட்டில் இருப்பவர். நாடு காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற வருஷத்தில், தான் பிறந்த மண்ணின் துயரத்தை மெல்பனில் இருந்து மிகுந்த வேதனையோடும் தடையற்ற மின்சாரத்தோடும் பார்த்தவர். எல்லாம் அடங்கிய பிறகு நாட்டோடு நிற்க வேண்டும் என்று தோன்றி வந்துவிட்டார். தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தவர்; ஆகவே ஒரு விஷயத்தை இரண்டு மொழியிலும் விளங்கிக்கொள்ளாமல் இருக்கக்கூடியவர்.

அவரிடம் ஒரு கோட்பாடும் இருந்தது. விமானத்தில் பாதி வாசித்த புத்தகத்திலும் தரையிறங்கிய பிறகு முழுதாகப் பார்த்த வீடியோவிலும் கிடைத்தது. வரலாறு எண்பது வருஷத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. அதில் நாலு கட்டம், கட்டத்துக்கு ஒரு தலைமுறை. கட்டுகிற காலம், கேள்வி கேட்கிற காலம், பங்கு பிரிக்கிற காலம், உடைகிற காலம். பிறகு மறுபடி கட்டுகிற காலம்.

கட்டடத்தின் முகாமைத்துவக் குழு அந்த ஞாயிறு மொட்டைமாடியில் கூடியது. தலைவர் சாந்தகுமார், ஓர் அமைச்சில் உதவிச் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு அவருக்குத்தான் கிடைத்தது, அவருடைய வசனங்களுக்குக் கிடைக்கவில்லை.

"லிப்டு விவகாரம் தீவிர கவனத்தில் எடுக்கப்பட்டு வருகின்றது," என்று சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். "ஏன் தம்பி இந்த நாட்டில ஒண்டும் நடக்குதில்லை?"

அது கேள்வியல்ல, மூச்சு. படித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபடாது. நபீஸ் எழுந்து பதில் சொன்னார்.

"காரணம் இருக்கு ஐயா. தமிழ்ப் படங்களைப் பாருங்க. முதல் கதாநாயகன் என்ன செய்தார்? ஏழைகளோட இருந்தார், தாயைக் கும்பிட்டார், பாட்டில புத்தி சொன்னார். அது கட்டுற காலம். அடுத்தவர் தாடியோட வந்து வேலை இல்லை எண்டு அதிகாரியோட சண்டை பிடிச்சார். கேள்வி கேக்கிற காலம். அதுக்குப் பிறகு வந்தவர் பாட்டுக்கு மட்டும் சுவிற்சர்லாந்து போனார். பங்கு பிரிக்கிற காலம். இப்ப இருக்கிறவர் என்ன செய்யிறார்?"

"மெஷின் கன்னால சுடுறார்," என்றான் மூன்றாம் மாடி ரிஸ்கான். இருபத்தைந்து வயது, கனடா விசாவுக்குக் காத்திருப்பவன்.

"ஆயிரம் பேரைச் சுடுறார். தாடி நரைச்சிட்டுது. படம் முடியிறதும் இல்லை, இரண்டாம் பாகம் எண்டு போடுறாங்க. ஏன்? இது உடையிற காலம். நாலாங் கட்டம். இந்தக் கட்டத்தில ஒண்டும் முடியாது. வரிசை வந்தது, சனம் ஜனாதிபதி மாளிகைக்குள்ள போய் நீச்சல் தடாகத்தில குளிச்சது, ஆக்கள் மாறினாங்க. லிப்டும் அதிலதான் நிக்குது."

 ஒரு லிப்டு நிற்பதற்கு இவ்வளவு கௌரவமான காரணம் இருக்கும் என்று அங்கே ஒருவரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

"அங்கிள், ஒரு சின்ன டவுட்," என்றான் ரிஸ்கான். "இந்தப் படம் எல்லாம் மெட்ராஸ்ல எடுத்தது. வரிசையில நிண்டது நாங்க. ரெண்டும் எப்பிடி மெச் ஆகும்?"

நபீஸுக்கு அந்தக் கேள்வி அதுவரை தோன்றியதில்லை. ஆனால் கூட்டத்தின் முன்னால் நிற்கும் மனிதனுக்கு எங்கிருந்தோ வார்த்தை வந்து சேரும்.

"படம் அவங்கட. விசில் எங்கட."

கைதட்டல் எழுந்தது. அந்தச் சத்தத்தில் ரிஸ்கானின் இரண்டாவது கேள்வி ஒருவருக்கும் கேட்கவில்லை. கட்டம் மாறும்வரை லிப்டு விவகாரத்தைப் பக்குவமாகக் கையாள்வதெனக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது.

கீழே வந்து இதைச் சொன்னபோது மஸாஹிரா கேட்டாள். "அப்ப லிப்டு?"

"அதைத்தானே விளங்கப்படுத்தினேன்."

"விளங்கப்படுத்தினா வாப்பா கீழ எறங்குவாரா?"

யாரோ எடுத்த வீடியோ அன்றிரவே வெள்ளவத்தையைத் தாண்டி, கொட்டாஞ்சேனை, வத்தளை என்று வாட்ஸ்அப்பில் ஊர்வலம் போனது. அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் ஒரு மண்டபத்தில் நபீஸுக்கு உரை ஒழுங்கு செய்தார்கள். அதற்குப் பிறகு கோட்பாடு அவர் கையில் இருக்கவில்லை. கல்யாணத் தரகர்கள் பையன் எந்தக் கட்டம் என்று கேட்கத் தொடங்கினார்கள். டியூஷன் வகுப்புகள் 'கட்டுகிற தலைமுறைக்கான விசேட பிரிவு' தொடங்கின. பாடமும் பிள்ளைகள் இருக்கிற வாங்கும் அதே, பெயர்ப்பலகை மட்டும் புதிது. 'மூன்றாங் கட்டம்' என்று நெஞ்சில் அச்சடித்த டீ சேர்ட் போட்டு இளசுகள் கடற்கரைத் தண்டவாளத்தில் நடந்தார்கள். ஒரு கொத்து ரொட்டிக் கடையில் நாலாங் கட்டக் கொத்து வந்தது. இறைச்சி இருக்காது. கேட்டால் கட்டத்தைக் காட்டுவார்கள்.

நபீஸ் இதையெல்லாம் அடக்கத்தோடு பார்த்தார். அடக்கம் சரியாக இருக்கிறதா என்று போகிற வழியில் கடைக் கண்ணாடிகளிலும் பார்த்துக்கொண்டார்.

மஸாஹிரா விடவில்லை. தியேட்டரில் காட்சிகளைக் குறைத்துவிட்டார்கள், வருகிற வியாழனோடு எடுத்துவிடுவார்கள் என்ற செய்தி வந்த காலையில், கணவரைத் திணைக்களத்துக்கு அனுப்பிவைத்தாள்.

செங்குத்துப் போக்குவரத்து அலுவல்கள் திணைக்களம் நாலாம் மாடியில் இருந்தது. அங்கே லிப்டு வேலை செய்யவில்லை. ஏறிப் போய் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவரை உதவிப் பணிப்பாளர் சப்ரி வரவேற்றார்.

"லிப்டுக்கு அனுமதி கேட்டு வந்தனான்," என்றார் நபீஸ்.

"எந்தக் கட்டம்?"

"ஆறு மாடி."

"மாடியைக் கேக்கல்ல சேர். கட்டம். இப்ப எல்லா முறைப்பாட்டையும் கட்டப்படி பிரிச்சுத்தான் எடுக்கிறம். உங்கட நாலாங் கட்டம். அதுக்கு இப்ப தீர்வு வராது. நாங்க தராம விடல்ல, வரலாறு தராது."

"யார் சொன்னது?"

சப்ரி இரக்கத்தோடு பார்த்தார். "வீடியோ பாக்கல்லயா சேர்? ஒருத்தர் நல்லா விளங்கப்படுத்தியிருக்கார். அதுக்குப் பிறகு எங்களுக்கு முறைப்பாடு பாதியாக் குறைஞ்சிட்டு. முந்தி ஆக்கள் ஏசிட்டுப் போவாங்க. இப்ப தலையாட்டிட்டுப் போறாங்க."

"அந்த ஒருத்தர் நான்தான்."

சப்ரி எழுந்து நின்றார். கதிரை வந்தது, தேநீர் வந்தது, கடைசியில் பணிப்பாளர் ஜவாஹிறா மேடமே அறையிலிருந்து எழுந்து வந்தார். இருபது வருஷமாகத் திணைக்களம் தேடிக்கொண்டிருந்த ஒன்றை நபீஸ் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"நாங்க ஒவ்வொரு முறையும் ஆளணி இல்ல, வாகனம் இல்ல, சுற்றறிக்கை வரல்ல எண்டு வேற வேற காரணம் தேடணும். எவ்வளவு நேரம் வீண். இப்ப ஒரே காரணம். அதுவும் விஞ்ஞானபூர்வமான காரணம்."

"மேடம், எங்கட லிப்டு உண்மையில திருத்தியாச்சு. ஒருக்கா வந்து பாத்தா—"

"நீங்களே இப்பிடிக் கேக்கலாமா?" மேடம் மனம் புண்பட்டவர் போலக் கேட்டார். "நாலாங் கட்டத்தில அவசரப்பட்டா சுழற்சி குழம்பும். உங்கட மண்டப உரையில இருபதாவது நிமிஷத்தில வருது."

நபீஸ் தன் இருபதாவது நிமிஷத்தை நினைத்துப் பார்த்தார். வந்தது. நல்ல குரலில்தான் சொல்லியிருந்தார்.

"என்ட மாமனாருக்கு எண்பத்தொண்டு," என்றார். 

"மாஷா அல்லாஹ். ஒரு முழுச் சுற்றும் பாத்துட்டார். இனி அவருக்கு என்ன அவசரம்?"

லிப்டுக்குப் போன நபீஸ், திணைக்களத்தின் கௌரவ சுழற்சி ஆலோசகராகத் திரும்பி வந்தார். 'ஓஷன் கிரேஸ்' நாட்டின் முதலாவது சுழற்சி இணக்கக் கட்டடமாகப் பிரகடனப்படுத்தப்படும். மேடமே பிரதம அதிதியாக வருவார். நிகழ்வு வியாழன் பின்னேரம், மொட்டைமாடியில்.

ஆறு மாடி ஏறி வந்து அவர் இதை மூச்சோடு மூச்சாகச் சொல்லி முடித்தார். மஸாஹிரா கடைசிவரை கேட்டாள்.

"பொன்னாடை தருவாங்களா?"

"தருவாங்க போல."

"நல்லம். வாப்பாவை அதில கட்டி எறக்குவோம்."

பக்கத்து அறையிலிருந்து மீரா சாஹிபின் குரல் வந்தது. "வியாழன்தானே கடைசிக் காட்சி?"

இப்போது ஒரு நிர்வாகச் சிக்கல் எழுந்தது. பிரதம அதிதி மொட்டைமாடிக்கு எப்படி வருவார்? மேடத்துக்கு முழங்கால் வருத்தம். சாந்தகுமாரும் சப்ரியும் தொலைபேசியில் நீண்ட நேரம் கலந்துரையாடினார்கள். வியாழன் பின்னேரம் மூன்றரைக்குச் சப்ரி வந்து, சிவப்பு அறிவித்தலை நகத்தால் மெதுவாக உரித்து, மடங்காமல் ஒரு காகிதக் கோவைக்குள் வைத்தார்.

"அப்ப பரிசோதிச்சாச்சா?" என்று கேட்டார் நபீஸ்.

"இல்ல சேர். இது அனுமதி இல்ல, விசேட விருந்தினர் நகர்வு. அதுக்குப் பரிசோதனை தேவையில்ல."

லிப்டு ஒரு சின்ன முனகல்கூட இல்லாமல் மேடத்தை மேலே கொண்டுபோய் விட்டது. எல்லோரும் மொட்டைமாடியில் கூடினார்கள். நாலு தலைமுறையையும் குறிக்கும் வகையில் நாலு திரிகள் ஏற்றப்பட்டன. கடல் காற்றில் மூன்று அணைந்தன. மேடம் பேசினார். சாந்தகுமார் பேசினார். நபீஸின் தோளில் பொன்னாடை விழுந்தது. அவர் பேச எழும்பும் வேளையில் கூட்டத்தில் ரிஸ்கான் இல்லை. மஸாஹிரா பின்வரிசையிலிருந்து மிக அமைதியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அமைதிக்கு அர்த்தம் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒலிவாங்கி கையில் இருந்தது.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது, ஆறாம் மாடியில் லிப்டுக் கதவு திறந்தது. புதுச் சாரமும் வெள்ளைச் சேர்ட்டும் போட்டு, அத்தர் பூசி, மீரா சாஹிப் உள்ளே காலெடுத்து வைத்தார். ரிஸ்கான் பொத்தானை அழுத்தினான். கீழே த்ரீவீல் நின்றது.

மேடம் இறங்கியதும் சப்ரி கோவையைத் திறந்து, அறிவித்தலை எடுத்து, பழைய பசைத் தடத்துக்கு நேராகவே மறுபடி ஒட்டினார். கோணலில்லாமல் ஒட்ட நேரமெடுத்தது. பிறகு மேடத்துக்குத் தேநீரும் கேக்கும் கீழ்த்தளத்தில் தொடர்ந்தன. வெள்ளவத்தையில் பிரதம அதிதி ஒருவர் ஒரு தேநீரோடு போனதாகச் சரித்திரம் இல்லை. இரவு இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி, தொழுதவர்கள் கலைந்து போகிற நேரத்தில் த்ரீவீல் திரும்பி வந்தது.

மீரா சாஹிப் இறங்கினார். முகம் பத்து வருஷம் குறைந்திருந்தது. லிப்டை நோக்கி நடந்தவர் அறிவித்தலைப் பார்த்து நின்றார்.

"மேடம்," என்றார் நபீஸ், பொன்னாடையோடு. "ஒரே ஒருக்கா. மேல போறதுக்கு."

மேடம் சப்ரியைப் பார்த்தார். சப்ரி விதியைப் பார்த்தார். விதி கதவிலேயே ஒட்டியிருந்தது.

"இது விசேட விருந்தினருக்கு மட்டும் சேர். இவர் விருந்தினரா?"

"நான் வீட்டுக்காரன்," என்றார் மீரா சாஹிப்.

"அதுதான் பிரச்சினை."

 மேடத்துக்கே கொஞ்சம் சங்கடம் வந்தது. அவர் கேக்கைக் கீழே வைத்தார். நபீஸ் தன் கோட்பாட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். எண்பது வருஷத்தை நாலாகப் பிரிக்க அதில் வழி இருந்தது. ஒரு கிழவனை ஆறு மாடி ஏற்ற வழி இருக்கவில்லை.

ரிஸ்கான்தான் தேநீர் மேசைப் பக்கமிருந்த மரக் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தான்.

"மாமா, இதில இரிங்க. நாலு பேர் தூக்குவோம்."

"ஆர் நாலு பேர்?" என்றார் சாந்தகுமார்.

"நான், நபீஸ் அங்கிள், இந்த சேர், நீங்க."

"எனக்கு எழுபத்திரண்டு தம்பி."

"நீங்க மேல் பக்கம் பிடிங்க. பாரம் கீழதான்."

இப்படித்தான், அன்றைய அழைப்பிதழில் அச்சிட்டிருந்தபடியே, தலைமுறைகள் ஒன்றிணைந்தன. முன்னால் சாந்தகுமாரும் சப்ரியும், பின்னால் நபீஸும் ரிஸ்கானும். பொன்னாடை காலில் தடக்கியதால் நபீஸ் அதைக் கழற்றி மாமனாரை இடுப்போடு சேர்த்துக் கதிரையில் கட்டினார். மஸாஹிரா டோர்ச் பிடித்து முன்னால் ஏறினாள்.  டோர்ச் வெளிச்சத்தை மட்டும் ஒருக்கா பொன்னாடையில் நிறுத்திவிட்டு எடுத்தாள்.

முதலாம் மாடியில் சப்ரி கேட்டார். "படம் எப்பிடி?"

"இடைவேளை வரைக்கும் நல்லம்."

"பாலத்தில விழுந்தவன்?" நபீஸ் இரைக்க இரைக்கக் கேட்டார். அவருக்கும் ஏழு வருஷமாக அந்தக் கேள்வி இருந்தது.

"ஹயாத்தோட ஈக்கான். ஒரு கயித்தப் புடிச்சிட்டான். பொறகு ரெண்டரை மணித்தியாலம் சுட்டான். கடைசில அதே பாலம். திரும்ப உழுந்துட்டான். மூணாம் பாகமாம்."

இரண்டாம் மாடியில் சாந்தகுமார் மூச்சு வாங்கினார். மூன்றாம் மாடியில் கதிரை ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தது. தாங்கள் நினைத்த அளவுக்குக் கிழவர் பாரமில்லை என்பது நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.  நாலாம் மாடித் திருப்பத்தில் கதிரையை இறக்கி வைத்து இளைப்பாறினார்கள்.

மீரா சாஹிப் அவர்களை ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார். அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. படத்தைப் பற்றியல்ல.

"மகன்," என்று நபீஸைக் கூப்பிட்டார். "இது லேசாத்தானே ஈக்கி. பெருநாளுக்குப் பொறகு இவ்வளவு காலமும் ஏன் என்னை இப்பிடித் தூக்கிக்கொண்டு எறங்கல்ல?"

சப்ரி சுவரைப் பார்த்தார். ரிஸ்கான் போனைப் பார்த்தான். மஸாஹிராவின் டோர்ச் வெளிச்சம் நபீஸின் முகத்துக்கு வந்து நின்றது.

சாந்தகுமார் தொண்டையைச் செருமினார். முப்பத்தைந்து வருஷ அரச சேவை அவரைக் கைவிடவில்லை.

"அதுக்கான கட்டம் அப்ப வரல்லை ஐயா."

நபீஸ் தலையை ஆட்டினார். ஆட்டிய பிறகுதான் அது தன்னுடைய தலை என்று அவருக்கு விளங்கியது. பிறகு குனிந்து கதிரைக் காலைப் பிடித்தார். இன்னும் இரண்டு மாடி இருந்தது.